நோவும் அழற்சியும் தணிக்கும் குளிசைகள்

மலர்க் குழுவினர் வைத்தியம் பற்றிய கட்டுரை ஒன்று தருமாறு எம்மை வேண்டியபொழுது, இருதய மாற்றுச் சத்திரசிகிச்சை போன்ற வியத்தகு பொருளொன்றை நாம் எழுதுவோம் என எதிர்பார்த்திருத்தல் கூடும். அத்தகைய கட்டுரை எழுதுதற்கு எளிது. படிப்போர்க்கு இன்பமும் பயக்கும். ஆயின், இம்மலரைக் கையில் எடுக்கும் பழைய மாணவருட் பெரும்பாலார்க்கு அச்சிகிச்சை ஒருபோதும் வேண்டப்படாது. நாரிப்பிடிப்புக்கோ முழங்கால் நோவுக்கோ பல்வலிக்கோ மருந்துக்கடையிற் குளிசை வாங்கி விழுங்காதவரோ அவருள் அரியர். ஆதலின், எல்லார் வீட்டு அலுமாரியிலும் கிடக்கின்ற அச்சிறு குளிசையைப் பற்றியே எழுதத் துணிந்தோம்.

இப்பொருளுக்கு எம்மை ஈர்த்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. எமக்குக் கேத்திரகணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர், ஓய்வுபெற்றுப் பல்லாண்டு கழிந்தபின், இரத்த அழுத்தத்துக்கு எம்மிடமே மருந்து பெற்று வந்தார். நேரந் தவறாதவர், காலையில் இரண்டு குளிசைகளை மணிக்கூட்டைப் பார்த்து விழுங்குபவர். அவற்றுள் ஒன்று குருதிக் குழாய்களை விரியச் செய்வது. மற்றையது சிறுநீரைப் பெருக்குவது. இவற்றோடு, முழங்கால் நோவுக்கென மருந்துக்கடையில் ஒரு குளிசையும், வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த வேறொரு குளிசையும் அவர் கைக்கு வந்தன. ஒன்று நோவுக்கு, மற்றது வீக்கத்துக்கு என்று தாமே வகுத்துக்கொண்டு இரண்டையும் உண்டார். பெயர் வேறாயினும் இரண்டும் டைக்குளோபெனக் என்னும் ஒரே மருந்தே. இவ்வாறிருக்கையில் மூன்று நாள் வயிற்றோட்டம் கண்டது. உணவு செல்லவில்லை, நீரும் போதிய அளவு செல்லவில்லை. மருந்தைமட்டும் அவர் நிறுத்தவில்லை. நான்காம் நாள் சிறுநீர் அறவே குறைந்து, மயங்கிய நிலையில் அவரை எம்மிடம் கொணர்ந்தனர்.

வைத்தியசாலையில் பல நாட் கிடந்து அவர் தேறினார். தேறியபின் நாம், "சேர், கால்நோவுக்குக் குளிசை எடுப்பதாக நீங்கள் எனக்குச் சொல்லவில்லையே" என்றோம். அவரோ, "தம்பி, நீர் மருந்தைப் பற்றித்தானே கேட்டீர். அது நோக்குளிசை அல்லவா?" என்றார். இவ்விடையை நாம் மறக்க முடியவில்லை. பிழையை அவர்மீது சுமத்துதல் நேர்மையன்று. வேறு என்ன குளிசை எடுக்கின்றீர்கள் என்று கேட்கக் கடமைப்பட்டிருந்தவர் நாம். ஈராண்டாக அதனைக் கேட்கத் தவறியவரும் நாமே.

இக்குளிசைகள் யாது செய்கின்றன என்பதை அறிய, முதற்கண் அழற்சி என்பது யாதென அறிதல் வேண்டும். பழைய வைத்திய நூல்கள் இதனைத் தாபிதம் என்றும் வழங்கும். முதலாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த செல்சசு என்பார் அதற்கு நான்கு குறிகள் கூறினார்: செம்மை, வீக்கம், வெப்பம், நோ. காலில் முள்ளேறியவர் எவரும் இந்நான்கையும் அறிவர். அழற்சி ஒரு நோயன்று. ஊறுபட்ட இடத்துக்குக் குருதியையும் வெண்கலங்களையும் விரைந்து வரவழைக்கும் உடலின் காவற்செயலே அது. காவலர் கூட்டம் சில வேளை அளவுக்கு மிஞ்சித் திரள்வதும், முடக்குவாதம் போன்ற நோய்களில் காரணமின்றியே திரண்டு மூட்டுக்களைச் சிதைப்பதும் உண்டு. அப்பொழுதே அதனைத் தணிக்கும் மருந்து வேண்டப்படுகின்றது.

இம்மருந்துகளின் வரலாறு ஒரு மரப்பட்டையில் தொடங்குகின்றது. இங்கிலாந்தில் எட்வேட் சுற்றோன் என்னும் பாதிரியார், வில்லோ மரத்தின் பட்டையைச் சுவைத்து, அதன் கைப்புச் சுவை கொயினாப் பட்டையை ஒத்திருத்தலைக் கண்டார். பட்டையை உலர்த்திப் பொடித்து, குளிர்காய்ச்சல் உற்றோர் ஏறத்தாழ 50 பேருக்குக் கொடுத்து, பெற்ற பயனை 1763ஆம் ஆண்டில் அரச கழகத்துக்கு எழுதி விடுத்தார். 1828இல் மியூனிக் நகரில் புக்னர் என்பவர் அப்பட்டையின் சத்தைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து பெறப்பட்ட சலிசிலிக் அமிலம் நோவைத் தணித்ததேனும் வயிற்றை எரித்தது. 1897இல் ஜேர்மனியில் பேயர் ஆய்வுகூடத்தில் பீலிக்சு ஹொப்மன் அதனைச் சற்றே மாற்றியமைத்தார். 1899இல் அஸ்பிரின் என்னும் பெயருடன் அது உலகுக்கு வந்தது. பின்னர் நொற்றிங்ஹாமில் சுற்றுவேட் அடம்சு என்பவர் தம் குழுவினரோடு பல்லாண்டு உழைத்து இபுபுரோபன் என்பதைக் கண்டார். பிரித்தானியாவில் 1969இல் அது வழக்குக்கு வந்தது. தாம் கண்ட மருந்தைத் தம் தலையிடிக்குத் தாமே 600 மில்லிகிராம் விழுங்கிப் பார்த்தவர் அவர். தலையிடி முதனாள் இரவு நண்பரோடு அருந்திய மதுவால் வந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இத்தனை கோடி மக்கள் உண்ட இம்மருந்து எவ்வாறு வேலை செய்கின்றது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புலப்படவில்லை. 1971இல் இலண்டனில் யோன் வேன் என்பவர் அதனை விளக்கினார். 1982இல் வேறிருவரோடு நோபல் பரிசும் பெற்றார். ஊறுபட்ட இழையங்கள் புரொஸ்ரகிளாண்டின் என்னும் பொருள்களை உண்டாக்குகின்றன. குருதிக் குழாய்களை விரித்து வீக்கந் தருவனவும், நரம்பு நுனிகளை நோவுக்குக் கூர்மையாக்குவனவும், மூளையில் வெப்பநிலையை உயர்த்திக் காய்ச்சல் தருவனவும் இவையே. அஸ்பிரின், இபுபுரோபன், டைக்குளோபெனக், நப்புரொக்சன், மெபனமிக் அமிலம் முதலிய யாவும் இப்பொருள்கள் உண்டாவதைத் தடுக்கின்றன. ஒரே தடையால் நோவும் வீக்கமும் காய்ச்சலும் தணிகின்றன.

இவ்வளவில் நின்றிருப்பின் இக்கட்டுரைக்குத் தேவையில்லை. புரொஸ்ரகிளாண்டின்கள் ஊறுபட்ட இடத்தில்மட்டும் உண்டாவன அல்ல. இரைப்பையின் உட்சுவரைத் தன் அமிலமே அரிக்காவண்ணம் சளிப்படலத்தைப் பேணுவனவும், சிறுநீரகத்துக்குட் குருதி செல்லும் வழியைத் திறந்து வைப்பனவும் அவையே. குளிசைக்கு முழங்கால் எது, சிறுநீரகம் எது என்று தெரியாது. விழுங்கியது குருதியோடு கலந்து எங்கும் சென்று எங்கும் தடுக்கின்றது.

சிறுநீரகத்தைச் சற்று விரிவாகக் கூறுவோம். எம் ஆசிரியர்க்கு நேர்ந்தது அங்கேயே. கிணற்று நீர் இறைக்கும் தோட்டம் ஒன்றை எண்ணிக்கொள்க. கிணற்றிலிருந்து வாய்க்கால் வழியாக நீர் ஒரு தொட்டிக்குள் வருகின்றது. மறுபுறத்தில் ஒரு வழியாக வெளியேறுகின்றது. தொட்டியின் சுவர் நுண்துளைகளையுடையது. உள்ளே நீரின் அழுத்தம் போதியதாயின் துளைகள் வழியே நீர் கசியும். அக்கசிவே சிறுநீராகின்றது. அழுத்தத்தைக் காக்க வழிகள் இரண்டு: உள்வரும் வாயை அகலத் திறத்தல், வெளியேறும் வாயை ஒடுக்குதல். முதலாவதைப் புரொஸ்ரகிளாண்டினும், இரண்டாவதை அஞ்சியோரென்சின் என்னும் சுரப்பும் செய்கின்றன. இனி, நோக்குளிசை உள்வாயை ஒடுக்கிவிடுகின்றது. எனலப்பிரில், லொசாட்டன் போன்ற அழுத்த மருந்து வெளிவாயைத் தளர்த்திவிடுகின்றது. சிறுநீர்பெருக்கியோ கிணற்று நீரையே குறைக்கின்றது. இம்மூன்றில் ஒன்றை உடல் பெரும்பாலும் தாங்கும். இரண்டையும் பல வேளை தாங்கும். மூன்றும் கூடி, மேலும் வயிற்றோட்டத்தால் கிணறும் வற்றினால், தொட்டியில் அழுத்தம் வீழ்ந்து கசிவு நின்றுபோகின்றது. ஒவ்வொன்றும் தனித்தனியே நல்ல மருந்து என்பதே இதிற் கவலைக்குரியது.

வயிற்றோட்டம், சத்தி, கடுங்காய்ச்சல் என்பவற்றால் உடல்நீர் இழக்கும் நாட்களில் நோக்குளிசையை உடனே நிறுத்துக. அழுத்த மருந்தையும் சிறுநீர்பெருக்கியையும் அந்நாட்களில் என்ன செய்வது என்பதைத் தாமே தீர்மானியாது வைத்தியரைக் கேட்டறிக. நோய் வருமுன்னரே கேட்டு வைத்தல் மேலும் நன்று. நீண்டகாலச் சிறுநீரக நோயுடையார் எம்மருந்தையும் கேட்டே உண்ணல் வேண்டும். வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து பல கமக்காரக் குடும்பங்களைப் பீடித்து வரும் சிறுநீரக நோயைப் பலரும் அறிவர். அந்நோயின் காரணம் பற்றிய ஆராய்ச்சி ஒருபுறமிருக்க, வெயிலில் நாள்முழுதும் நின்று உழைத்து, உடல் உளைவுக்கு இரவில் இக்குளிசை உண்பது எவ்விடத்து உழைப்பாளிக்கும் தீதே. டைக்குளோபெனக்கின் ஆற்றலைப் பறவைகளிடத்தும் உலகம் கண்டது. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட அம்மருந்து, இறந்த மாட்டை உண்ட கழுகினத்தின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து, இந்தியா முதலிய நாடுகளில் அவ்வினத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுசென்றது. 2004இல் இவ்வுண்மை வெளிப்பட்டது. 2006இல் கால்நடைகளுக்கு அதனை வழங்குதலை இந்தியா தடைசெய்தது.

இரைப்பையைப் பற்றி மக்களிடையே நிலவும் எண்ணங்கள் இரண்டைத் திருத்த விரும்புகின்றோம். உணவுக்குப் பின் உண்டால் கெடுதியில்லை என்பது ஒன்று. உணவோடு உண்பது எரிவைக் குறைக்கும். புண் உண்டாவதைத் தடுக்க அதுமட்டும் போதாது. சளிப்படலத்தின் காவல் குருதி வழியாகவே கெடுகின்றதென மேலே கூறினோம். ஊசியாகவோ மலவாயில் வைக்கும் மருந்தாகவோ கொண்டால் வயிறு தப்பும் என்பது மற்றையது. அதுவும் அக்காரணத்தாலேயே பிழை. 65 வயதைக் கடந்தவர், முன்னர் வயிற்றுப் புண் இருந்தவர், பிரெட்னிசொலோன் அல்லது வார்பரின் எடுப்பவர், இருதயத்துக்குச் சிறிய அளவு அஸ்பிரின் எடுப்பவர் ஆகியோர்க்கு ஆபத்து மிகுதி. இன்றியமையாதபோது ஒமெப்பிரசோல் போன்ற மருந்தைத் துணையாக வைத்தியர் கொடுப்பர். முதியோர் பலருக்கு வயிற்றில் எவ்வித நோவுமின்றியே குருதி கசியும். மலம் தார் போற் கருத்துப் போதலும், கோப்பித் தூள் போன்ற சத்தி எடுத்தலும் அதன் அடையாளங்கள். இரும்புச்சத்துக் குளிசை உண்பவர்க்கும் மலம் கருக்கும் என்பது உண்மையே. ஆயின் அதனை வைத்தியசாலையிற் கேட்டுத் தெளிக. வீட்டில் இருந்து ஊகிக்கற்க.

இரைப்பைக்குத் தீங்கு செய்யாத ஒன்றை அமைக்க முயன்ற விஞ்ஞானிகள் புதிய வகைக் குளிசைகளைக் கண்டனர். அவற்றுள் ஒன்றாகிய ரொபெகொக்சிப் 1999இல் விற்பனைக்கு வந்து, மாரடைப்பும் பாரிசவாதமும் மிகுதல் கண்டு, 2004 செப்டெம்பரில் உலகெங்கும் மீளப் பெறப்பட்டது. அதன் பின்னர்ப் பழைய குளிசைகளையும் அக்கண்கொண்டு ஆராய்ந்தபோது, டைக்குளோபெனக்கும் பேரளவு இபுபுரோபனும் அக்குற்றத்தில் முற்றாகத் தப்பவில்லை. மாரடைப்பு உற்றவரும், இருதயம் பலவீனமுற்றவரும் இவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, கால் வீக்கத்தையும் மூச்சு முட்டலையும் தரவல்லன. இரத்த அழுத்தத்தையும் உயர்த்துவன. அன்றியும், இருதயத்துக்கென நாள்தோறும் கொள்ளும் சிறு அஸ்பிரினின் பயனை இபுபுரோபன் இடைமறித்துக் கெடுத்தல் கூடும்.

எமது நாட்டவர் அனைவரும் மனத்திற் பதிக்க வேண்டியது டெங்குக் காய்ச்சல் பற்றியது. 2017ஆம் ஆண்டில்மட்டும் இலங்கையில் 1,80,000க்கு மேற்பட்டோர் அந்நோய் கண்டவராகப் பதிவாகினர். டெங்குவில் குருதியை உறையச் செய்யும் சிறுதட்டுக்கள் குறைகின்றன. குருதிக் குழாய்கள் கசிகின்றன. அந்நிலையில் அஸ்பிரினோ இபுபுரோபனோ டைக்குளோபெனக்கோ கொடுத்தால், எஞ்சிய சிறுதட்டுக்களும் செயலிழந்து, இரைப்பையினின்றும் குருதி பெருகும். அஸ்பிரின் ஒருமுறை உண்டாலும், அது தொட்ட சிறுதட்டு தன் வாழ்நாளாகிய ஏழு முதற் பத்து நாள்வரை மீள்வதில்லை. டெங்குவில் உடல் முறிப்பது போன்ற நோ உண்டாதலின், காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து போதாதென்று உறவினர் பரிதவித்து வலுவான குளிசையைத் தேடுவர்; மலவாயில் வைக்கும் டைக்குளோபெனக்கால் காய்ச்சல் சடுதியில் இறங்கக் கண்டு மகிழ்வர். அம்மகிழ்ச்சிக்கு விலையாக உயிர் போதலும் உண்டு. காய்ச்சல் டெங்கு அன்றெனத் தெளியும்வரை பரசிற்றமோலன்றி வேறு எதுவும் வேண்டாம். சிக்குன்குன்யாக் காய்ச்சலில் மூட்டு நோ கடுமையாயினும் தொடக்க நாட்களில் விதி இதுவே. இரண்டையும் முதல் நாளிற் பிரித்தறிதல் வைத்தியர்க்கும் அரிது.

பரசிற்றமோல், அதாவது பலரும் பனடோல் என வழங்குவது, இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. நோவையும் காய்ச்சலையும் தணிக்கும், வீக்கத்தைத் தணியாது, இரைப்பையையும் சிறுநீரகத்தையும் மேற்கூறியவாறு வருத்தாது. நிறைவளர்ந்த ஒருவர் 500 மில்லிகிராம் குளிசையில் ஒருவேளைக்கு ஒன்றோ இரண்டோ, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேற்படாமல் கொள்ளலாம். மெலிந்த உடலினர்க்கு அளவு இதனினும் குறைதல் வேண்டும். அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். தடிமன் மருந்துகள் பலவற்றுள்ளும் பரசிற்றமோல் மறைந்திருத்தலால், எண்ணிக்கை தெரியாமலே மிஞ்சிவிடும்.

இங்கு மருந்தின் பெயர் பற்றிச் சில சொற்கள் கூறல் வேண்டும். எம் ஆசிரியர் ஒரே மருந்தை இருமடங்காக உண்டது பெயர்க் குழப்பத்தாலன்றோ? வணிகப் பெயர்களால் மக்கள் மயங்காவண்ணம் மருந்தை அதன் இயற்பெயரால் வழங்க வேண்டுமென வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே அவர்கள். 1971இல் அமைந்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவர் அவரே. வறிய நாடுகளின் மருந்துக் கொள்கைக்கு அவர் காட்டிய வழியைப் பிறநாட்டாரும் போற்றினர். மருந்துப் பெட்டியில் பேரெழுத்தில் இருப்பது பெரும்பாலும் வணிகப் பெயர். அதன் கீழே சிற்றெழுத்தில் இருப்பதே மருந்தின் பெயர். மூக்குக்கண்ணாடியை அணிந்தேனும் அச்சிற்றெழுத்தை வாசித்தல் வேண்டும். சிறு கடதாசி உறையில் பெயரில்லாது குளிசைகளைப் போட்டுத் தருபவரிடம், பெயரை எழுதித் தருமாறு கேட்பதற்கு நாணற்க. மேற்கூறிய குடும்பத்துள் இரண்டை ஒருங்கே உண்பது எஞ்ஞான்றும் கூடாது. நோ இருமடங்கு குறையாது, தீங்கே கூடும்.

சிலர்க்கு இக்குளிசைகள் வேறுவகையாலும் ஒவ்வா. தொய்வு நோயாளருட் சிலருக்கு ஒரு குளிசையே மூச்சைத் திணறச் செய்யும். முன்னர் அவ்வாறு நேர்ந்தவர் இக்குடும்பம் முழுவதையும் விலக்குக. கருவுற்ற பெண்டிர் 20ஆம் வாரத்தின் பின் இவற்றைத் தாமாக எடுத்தலாகாது. குழந்தையின் சிறுநீரகத்தையும், இறுதி மாதங்களில் அதன் இருதயத்தருகே திறந்திருக்க வேண்டிய குருதிக் குழாயையும் இவை பாதிக்கும். நாட்பட்ட நோய்களுக்கு வைத்தியர் கொடுக்கும் சிறிய அளவு அஸ்பிரின் வேறு விடயம். 16 வயதுக்கு உட்பட்டோர்க்குக் காய்ச்சலில் அஸ்பிரின் கொடுத்தால், மூளையையும் ஈரலையும் தாக்கும் அரியதொரு கொடுநோய் உண்டாகக் கூடும்.

இவ்வளவும் படித்து, இக்குளிசைகளை எறிந்துவிடல் வேண்டும் என எவரேனும் எண்ணின் எமது கருத்தைப் பிழைபட உணர்ந்தவராவர். வாதத்தால் பெருவிரல் மூட்டு நள்ளிரவிற் சிவந்து வீங்கித் துணி படவும் பொறுக்காது துடிப்பவர்க்கும், கணுக்கால் புரண்ட விளையாட்டு வீரருக்கும், மாதவிடாய் நோவால் வருந்தும் பெண்ணுக்கும் இவை அருமருந்தே. மாதவிடாய் நோ புரொஸ்ரகிளாண்டினாலேயே உண்டாவதாதலின், அங்கு இவை வேரிலேயே தடுக்கின்றன. சிறுநீரகம், இருதயம், இரைப்பை என்பவற்றில் குறையில்லாத நிறைவளர்ந்தவர், இபுபுரோபனை 200 அல்லது 400 மில்லிகிராம் அளவில் உணவோடு நாளொன்றுக்கு மூன்று முறைவரை, மொத்தம் 1,200 மில்லிகிராமுக்கு மேற்படாது சில நாட்கள் கொள்ளலாம். ஒரு வாரத்துட் குணமாகாத நோ, குளிசையை மாற்றுதற்குரியதன்று, வைத்தியர் பார்த்தற்குரியது.

முதுமையால் தேய்ந்த முழங்காலுக்கு, விழுங்குவதினும் பூசுவது முதலிற் கொள்ளத்தக்கது. அதே மருந்து களிம்பாகக் கிடைக்கின்றது. அது தோலின் வழியே மூட்டினைச் சென்று சேர்கின்றது. குருதியிற் கலப்பது சிறுபகுதியே. அத்துடன் தொடைத் தசையை வலுப்படுத்தும் அப்பியாசமும், உடற்பாரம் குறைத்தலும் வேண்டும். ஒன்றை மறவாது கூறுவோம்: ஊர்தோறும் விற்கப்படும் பெயரற்ற வாதச் சூரணங்கள் சிலவற்றைப் பரிசோதித்தபோது, அவற்றுள் டைக்குளோபெனக்கும் பிரெட்னிசொலோன் இனத்து மருந்துகளும் கலந்திருக்கக் காணப்பட்டதுண்டு. மூன்றே நாளில் முடவரை நடக்கச் செய்யும் சூரணம் எதுவாயினும் அதனை ஐயுறுக. முறைப்படி கற்ற சித்த வைத்தியரைக் குறித்து இதனைக் கூறினோமல்லேம். அவர்களும் இக்கலப்பை எம்மினும் கடுமையாகக் கண்டிப்பவர்.

மானிப்பாயில் வைத்தியர் கிறீன் அவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, நூல்களும் ஆக்கினார். அவர் 1873இல் இந்நாட்டை நீங்கினார். அவ்வழியிற் சென்றிருப்போமாயின், ஒவ்வொரு குளிசைப் பெட்டியிலும் தமிழில் எச்சரிக்கை அச்சாகியிருக்கும். எம்மைப் போல்வார் மலர்களில் எழுத வேண்டியிராது.

எம் ஆசிரியர் இப்பொழுது களிம்பே பூசுகின்றார்; நாளொன்றுக்கு இருமுறை கதிரையில் இருந்தவாறே காலை நீட்டி மடக்குகின்றார். கோடிட்ட அப்பியாசக் கொப்பி ஒன்றில் தாம் உட்கொள்ளும் ஒவ்வொரு மருந்தின் இயற்பெயரையும், அளவையும், தொடங்கிய திகதியையும் நிரல்படுத்தி எழுதிவைத்து, எம்மிடம் வரும்போதெல்லாம் மேசைமீது விரித்து வைக்கின்றார். சென்ற மாதம் அதில் ஓரிடத்தில் நாம் அளவைப் பிழையாக எழுதிக் கொடுத்திருந்ததைச் சிவப்பு மையாற் சுழித்துக் காட்டினார்.